எங்கள் எச்சிலை வாங்கிச் சென்ற ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புரோஸ்டேட் புற்றுநோய் மரபணு ஆய்வுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும், குழுவில் உள்ள டாக்டர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய கடிதம் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து 38 வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. மலாயில் ஒரு பக்கம். பெரியவர்கள் பலருக்கு அதைப் படித்துச் சொன்னவன் நான். இந்தியப் பங்கேற்பாளர்களின் எண்ணிக்கை போதாததால் அவர்களுடைய மாதிரிகளை ஆய்வில் சேர்க்கவில்லை, இரண்டாம் கட்டத்திலும் இந்தியர்களைப் புதிதாகச் சேர்க்கப் போவதில்லை என்று மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு அடுத்த பத்தியிலேயே, ஆய்வு முடிந்ததும், எச்சிலை வைத்துப் புற்றுநோய் ஆபத்தைக் கணிக்கும் இந்த முறை மலேசிய ஆண்கள் அனைவருக்கும் பயன்படும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டியபோது, ஒரு காலத்தில் தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "அப்ப நம்மள அளக்காமலே நமக்குச் சட்டை தைக்கப் போறாங்களா, டிரசரே?"

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

31 வருடம் நான் தோட்ட மருந்தகத்தில் உதவியாளராக வேலை செய்தவன். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியும் ஊரில் எனக்கு டிரசர் என்றுதான் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் உங்கள் முகாமுக்கு ஆண்கள் வந்தார்கள். கோவில் மண்டபத்தில் முன்மேசையில் உட்கார்ந்து ஒப்புதல் பாரத்தைத் தமிழில் விளக்கியவன் நான். ஊசி இல்லை, குழாயில் துப்பினால் போதும் என்று சொன்னேன். அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது என்றதும் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி ஜாகா வேலை, அதாவது காவல் வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்தவர் ஒருவர். இன்னொருவருக்கு வாய் வறட்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, குழாயில் போட்டிருந்த கோட்டைத் தொடுகிற அளவுக்கு எச்சில் சேர. நாளைக்கு வாருங்கள் என்று உங்கள் தாதி சொல்லியும் அவர் எழுந்து போகவில்லை. "என் மகனுக்கு ஆகுமில்ல" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு நீங்கள் மேசையை மடித்தீர்கள். குழாய்கள் தீர்ந்துவிட்டன என்று காரணம் சொன்னீர்கள். அந்த நேரம் மண்டபத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களை நான் எண்ணினேன். 23 பேர். எண்ணிக்கை போதவில்லை என்று கடிதத்தில் எழுதியபோது அந்த 23 பேர் உங்கள் நினைவுக்கு வந்தார்களா?

நான் ஏன் இதில் இவ்வளவு முனைப்பாக இறங்கினேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தகப் பதிவேட்டில் நான் எழுதிய வரிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. முதுகுவலி, இடுப்புவலி, கால் மரத்துப்போதல், ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போதல். எல்லாரும் ஐம்பதையும் அறுபதையும் தாண்டிய ஆண்கள். ரப்பர் மரம் சீவுகிறவனுக்கும் செம்பனைக் குலை தள்ளுகிறவனுக்கும் முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்து மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினேன். புரோஸ்டேட் புற்றுநோய் முதலில் பரவுவது பெரும்பாலும் எலும்புக்கு, அதிலும் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நினைவுக்கு வரவில்லை. அப்படி நான் அனுப்பிவைத்தவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

எட்டு மாதம் முதுகுவலி என்று வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் காலை படியிறங்க முடியாமல் கால் துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்க்கும் இரத்தச் சோதனை செய்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பெல்லாம் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது 64. பதினான்கு மாதம் இருந்தார்.

அந்த முதல் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "குடும்பத்தில் அப்பாவுக்கோ சித்தப்பா பெரியப்பாவுக்கோ இந்த நோய் இருந்ததா?" இல்லை என்று சொன்னவன் நான்தான். வீட்டுக்கு வந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் 'சாக்கிட் துவா' என்று இருந்தது. முதுமை நோயாம். இறந்தபோது அவருக்கு 61 வயது. லயன் வீட்டில் உயிர் போனது, டாக்டர் யாரும் பார்க்கவில்லை, போலீசில் சொல்லிப் பதிந்தோம். கடைசி இரண்டு வருடம் அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பெரியப்பா இரண்டு பேர் இருந்தார்கள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது ஒருவர் ஜொகூர் பக்கம் போனார், இன்னொருவர் எங்கே போனார் என்று கடைசி வரை தெரியவில்லை. தாத்தாவைப் புதைத்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

டாக்டர்களே, புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்தை எடைபோட நீங்கள் முதலில் கேட்பது வயது, அடுத்தது குடும்ப வரலாறு. தோட்டத்து வீடுகளில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. எங்கள் அப்பாக்கள் எல்லாரும் முதுமை நோயில் செத்ததாகத்தான் அரசாங்கப் பதிவு சொல்கிறது. அதனால்தான் எச்சிலைக் கொண்டே ஆபத்தைக் கணிக்க முடியும் என்று நீங்கள் வந்து சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். காகிதத்தில் இல்லாத அப்பாவை உடம்பில் தேடிக் கண்டுபிடிக்கிற வழி இது. வேறு யாரையும்விட எங்களுக்குத்தான் இது தேவை. அதில்தான் எங்களை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். உங்களுக்கு இது பாலபாடம். ஆனால் இந்த மடலை ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

இந்தக் கணிப்பு ஒரே ஒரு கெட்ட மரபணுவைத் தேடுவது இல்லை. மரபணுத் தொடரில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறியிருக்கும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு எடை கொடுத்து மொத்தமாகக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வருகிறது. எந்த இடங்களைப் பார்ப்பது, எதற்கு எவ்வளவு எடை என்பதை நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். யாரை ஒப்பிட்டார்களோ அவர்களுக்கு அந்த எடை பொருந்தும். மற்றவர்களுக்குத் துல்லியம் குறைந்துபோகும்.

ஏன் குறைகிறது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. மனுஷ உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே? பிறகு விளங்கியது. கணக்கில் எடுக்கும் எழுத்து பல நேரம் நோய்க்குக் காரணமானதே இல்லை, காரணத்துக்குப் பக்கத்து வீடு. எங்கள் தோட்டத்தில் தபால்காரருக்குக் 'கோவிலுக்கு அடுத்த வீடு' என்று அடையாளம் சொன்னால் போதும், கடிதம் வந்துவிடும். அதே அடையாளத்தை வைத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனால் அங்கேயும் கோவில் இருக்கும், அடுத்த வீட்டில் இருப்பது வேறு ஆள். ஐரோப்பியரிடம் சேர்ந்தே வரும் அடையாளமும் காரணமும் தமிழரிடம் சேர்ந்து வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல நூறு தலைமுறைகளில் அவை பிரிந்து போயிருக்கலாம்.

ஹாக்ஸ்பி13 என்ற மரபணுவைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் ஜி84இ என்ற மாற்றம் இருந்தால் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடும் என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். அது ஐரோப்பிய வம்சத்தாரிடம் இருப்பது. அடுத்த வருடமே சீன ஆண்களிடம் தேடினார்கள். அதே மரபணு, ஆனால் மாற்றம் வேறு, ஜி135இ. பிறகு மேற்கு ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் எக்ஸ்285கே என்ற மூன்றாவது மாற்றத்தைக் கண்டார்கள். மூன்று மக்கள், ஒரே மரபணு, மூன்று வேறு மாற்றங்கள். ஐரோப்பியருடையதை மட்டும் வைத்துச் சீனரையும் ஆப்பிரிக்கரையும் சோதித்திருந்தால் ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தேடப் போனதால்தான் கிடைத்தது.

உலக அளவில் எண்ணிக்கை எப்படி இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2023இல் வெளியான மிகப் பெரிய புரோஸ்டேட் மரபணு ஆய்வில் நோய் கண்டவர்கள் 156,319 பேர். அதில் ஐரோப்பிய வம்சத்தார் 122,188, ஆப்பிரிக்கர் 19,391, ஆசியர் 10,809, ஹிஸ்பானியர் என்கிற லத்தீன் அமெரிக்க வம்சத்தார் 3,931. ஆபத்தோடு தொடர்புள்ள 451 இடங்களை அது பட்டியலிட்டது. அதற்கு முன் 2021இல் வந்த ஆய்வு ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், கிழக்காசியர், ஹிஸ்பானியர் என்று நான்கு பிரிவுகளை ஒப்பிட்டது. ஐரோப்பியரோடு பார்க்கும்போது ஆப்பிரிக்க வம்சத்தாரின் சராசரி மதிப்பெண் 2.18 மடங்கு, கிழக்காசியருடையது 0.73 மடங்கு என்று அதில் இருக்கிறது. அந்த நான்கில் என் அண்ணனுக்கு இடம் எது? நாளைக்கு எங்கள் ஆள் ஒருவர் உங்கள் கணிப்பு முறைக்கு முன்னால் வந்து நின்றால், ஆசியர் என்று கிழக்காசியக் கணக்கில் போட்டு 'ஆபத்து குறைவு' என்று காகிதம் கொடுத்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். அந்தக் காகிதத்தை நம்பி அவர் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்கிறது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் பார்கோட் 1 ஆய்வின் முடிவு வந்தது. 55 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களின் எச்சிலை வாங்கி 130 இடங்களைப் பார்த்து 6,393 பேருக்கு மதிப்பெண் கணக்கிட்டார்கள். ஆபத்து அதிகமாக வந்தவர்களில் 468 பேர் எம்ஆர்ஐ ஸ்கேனும், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் செய்துகொண்டார்கள், 187 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களை வைத்துக் கட்டிய முறை, ஐரோப்பிய வம்சத்து ஆண்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. நாங்கள் கேட்பதும் அதே நியாயம்தான்.

எண்ணிக்கை போதாது என்ற காரணத்துக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. வருகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆயிரம் பேரில் எங்கள் ஆட்கள் எழுபது பேர்கூட இருக்க மாட்டார்கள். இது ஆய்வு தொடங்கும் முன்பே பேனாவும் காகிதமும் வைத்துப் போடக்கூடிய கணக்கு. பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட மரபணுத் தொகுப்பில் 4,810 பேர். சீனர் 2,780, இந்தியர் 1,127, மலாய்க்காரர் 903. அந்த ஊரில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுதான். தொகுப்பிலோ நூற்றுக்கு 23 பேர். வேண்டுமென்று கூடுதலாகச் சேர்த்ததால் வந்த எண்ணிக்கை அது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மலாய், சீன, இந்தியப் பெண்கள் மூவரையும் சேர்த்துக்கொண்டு மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு 2002இல் தொடங்கியது. ஐரோப்பியப் பெண்களுக்காகக் கட்டிய மதிப்பெண் ஆசியப் பெண்களிடமும் ஏறத்தாழ அதே அளவுக்கு வேலை செய்கிறது என்று 2020இல் சொல்ல முடிந்ததில் நம் நாட்டுப் பெண்களின் இரத்தத்துக்கும் பங்கு உண்டு. நல்ல செய்தி. ஒருவேளை புரோஸ்டேட் விஷயத்திலும் எங்கள் ஆண்களுக்கு அப்படியே பொருந்திவரலாம். வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டுப் பொருந்தும் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு பக்கத்து லாசாவிலிருந்து, இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி ஆண்கள் நான்கு பேர் பிக்கப்பில் வந்து எச்சில் கொடுத்தார்கள். பாரத்தில் அவர்களுக்கு 'மற்றவர்' என்ற கட்டத்தில் குறி போட்டதை நான் பார்த்தேன். அவர்களுக்கு உங்கள் கடிதமாவது போனதா? அதே பாரத்தில் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் அடங்கிவிட்டோம். அடையாளமும் காரணமும் ஊருக்கு ஊர் பிரிந்து போகும் என்றால் அந்தக் கட்டத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்தைத் துண்டு போடுவதைத் தடுக்க இந்த வட்டாரத்து மக்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் அதில் உண்டு. எங்கள் அப்பாவும் கட்டினார். பொதுக்காரியம் என்று நம்பிவிட்டால் கொடுக்கிற மக்கள் இவர்கள். அதனால் இந்தியர்கள் ஆய்வுக்கு வருவதில்லை என்று எங்கேயாவது எழுதப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து எழுதாதீர்கள். வந்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

நாங்கள் கொடுத்த 38 குழாய்களும் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். எங்கள் சம்மதம் கேட்காமல் அவற்றை அழிக்கக் கூடாது. இந்த 38 தனியாக எதையும் சொல்லாது என்பது எனக்கும் புரிகிறது. மற்ற இடங்களில் இருக்கும் எங்கள் ஆண்களின் மாதிரிகளோடு சேர்த்துப் பார்க்க வழி தேடுங்கள். ஆட்களின் உடல்நலத்தை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் மலேசியக் கோஹார்ட் திட்டம் 2006 முதல் 2012 வரை 106,527 பேரைச் சேர்த்தது. அதில் மூன்று இனத்தாரும் இருக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர்களையும் கேளுங்கள். கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் இந்திய ஆண்களைச் சேர்க்க மாட்டோம் என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். எத்தனை இந்தியர், எத்தனை ஓராங் அஸ்லி என்று முன்கூட்டியே இலக்கு வைத்து, அது நிறைகிற வரை ஆள் சேர்ப்பதை நிறுத்தாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடித்துக்கொள்ளாமல் நான்கைந்து ஞாயிறு வாருங்கள். சுங்கை சிப்புட்டோடு நிற்காமல் தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கமும் போங்கள். ஒப்புதல் பாரத்தைத் தமிழில் அச்சடித்துக் கொண்டு வாருங்கள். வாயால் மொழிபெயர்த்துச் சொன்ன பாவம் இனி என் ஒருவன் தலையில் வேண்டாம்.

எங்களிடம் சோதித்துப் பார்க்கும் வரை எங்கள் ஆண்கள் யாருக்கும் 'ஆபத்து குறைவு' என்று காகிதம் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், இந்தக் கணிப்பில் இந்திய ஆண்கள் சேர்க்கப்படவில்லை என்ற வரியை அதே காகிதத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் போடுங்கள். அதுவரைக்கும் 50 வயது தாண்டிய எங்கள் ஆண்கள் டாக்டரிடம் உட்கார்ந்து, நன்மை தீமை இரண்டையும் கேட்டு, பிஎஸ்ஏ சோதனை வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு ஏற்பாடு செய்து கொடுங்கள். குடும்ப வரலாறு கேட்கும்போது 'சாக்கிட் துவா' என்று பதில் வந்தால் அதை 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'தெரியாது' என்று எழுதுங்கள். அது ஒன்றுக்குச் செலவே இல்லை, நாளைக்கே தொடங்கலாம்.

ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 38 பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே ஒருவர் நேரில் வந்து மண்டபத்தில் பேசுங்கள். சாவி கோவில் தலைவரிடம் இருக்கிறது, சொன்னால் திறந்து வைக்கிறோம். அன்று உள்ளே வர முடியாமல் திரும்பிப் போன 23 பேரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் அவர்களைத்தான் உட்கார வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தக உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்